புது ஆசிரியர் வகுப்பறைக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி இது: "வரும் கல்வியாண்டில் முதன்முறையாக வகுப்பாசிரியர் ஆகிறேன். நான்காம் வகுப்பு, 42 பிள்ளைகள், எல்லாப் பாடமும் நானே எடுக்க வேண்டும். இணையத்தில் தேடினால் பணித்தாள், சார்ட், ஆப், ப்ளானர் என்று ஆயிரக்கணக்கில் வருகிறது. பணமும் நேரமும் குறைவு. எதை வாங்குவது, எதை நானே செய்வது, எதை விட்டுவிடுவது? தாள்களையும் பதிவேடுகளையும் குழம்பாமல் எப்படி வைத்துக்கொள்வது?"

22 ஆண்டுகளாகத் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். முதல் வருடம் ஆசை ஆசையாக நான் வாங்கிச் சேர்த்தவற்றில் இன்றும் கையில் இருப்பவை மிகக் குறைவு. நீங்கள் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம் என்பதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எந்தப் பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இதை வைத்து வேலை செய்யும்போது பிள்ளையின் மனம் எதில் இருக்கும்? அழகாக இருக்கிறதா, பிள்ளைகளுக்குப் பிடிக்குமா, பக்கத்து வகுப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

இதை நான் கற்றுக்கொண்டது பின்னம் நடத்தியபோது. வட்டத்தைத் துண்டுகளாக வெட்டிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கியிருந்தேன். அரை எல்லாம் சிவப்பு, மூன்றில் ஒன்று மஞ்சள், நான்கில் ஒன்று நீலம். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். "நான்கில் ஒன்றை எடுங்கள்" என்றால் வகுப்பே நீலத்தைத் தூக்கிக் காட்டும். பாடம் நன்றாகப் போகிறது என்று நம்பினேன். இரண்டு வாரம் கழித்துக் கரும்பலகையில் ஒரு செவ்வகம் வரைந்து, நான்காகப் பிரித்து, ஒரு பாகத்தில் கோடு போட்டு, "இது எவ்வளவு?" என்று கேட்டேன். பலருக்குத் தெரியவில்லை. ஒரு பையன் எழுந்து, "நீலமே இல்லையே டீச்சர்" என்றான். இரண்டு வாரமாக அவர்கள் நிறத்தைப் படித்திருக்கிறார்கள். சம பாகம் என்ற கருத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே அந்தப் பெட்டி அவர்களுக்கு வைக்கவில்லை.

மறுநாள் வெள்ளைத் தாளை நீளக் கீற்றுகளாக வெட்டிக் கொடுத்தேன். ஒருமுறை மடித்தால் இரண்டு சம பாகம், இன்னொரு மடிப்பில் நான்கு, அடுத்ததில் எட்டு. பிரித்துப் பார்த்தபோது நான்கில் இரண்டும் பாதியும் ஒரே மடிப்பில் வந்து நிற்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். பாகங்கள் கூடக் கூட ஒவ்வொன்றும் சிறுத்துப்போகிறது என்பது விரலுக்கே தெரிந்தது. எட்டு நான்கைவிடப் பெரியது என்பதால் எட்டில் ஒன்றுதான் பெரியது என்று அடித்துச் சொன்ன பிள்ளைகள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிறம் இருந்தாலே தப்பு என்று சொல்லவில்லை. பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குசெனேர் உருவாக்கிய வண்ணக் கோல்கள் 1950-களில் உலகின் பல நாடுகளுக்குப் பரவின. 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து நீளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஆனால் எந்தக் கோலிலும் எண்ணோ பின்னமோ எழுதியிருக்காது. 10 செ.மீ. ஆரஞ்சுக் கோலை 'ஒன்று' என்று வைத்துக்கொண்டால் 5 செ.மீ. மஞ்சள் அரை. மறுநாள் மஞ்சளையே 'ஒன்று' என்று வைத்தால் 1 செ.மீ. வெள்ளை ஐந்தில் ஒன்று. நேற்று பத்தில் ஒன்றாக இருந்த அதே வெள்ளைதான். முழுமை மாறினால் பின்னமும் மாறும் என்று பிள்ளை யோசித்தே ஆக வேண்டும். என் பெட்டியில் விடையையே நிறமாகப் பூசி வைத்திருந்தார்கள். இரண்டும் வண்ணப் பொருள்தான். வித்தியாசம் பிள்ளைக்கு மிச்சம் வைக்கும் யோசனையில் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொருளிலேயே நின்றுவிடக்கூடாது. உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1966-இல் விளக்கிய மூன்று படிகள் இன்றும் எனக்கு வழிகாட்டி. முதலில் கையால் செய்வது, பிறகு படமாகப் பார்ப்பது, கடைசியில் குறியீடாக எழுதுவது. கீற்றை மடித்தவர்கள் அடுத்து நோட்டில் கீற்றை வரைய வேண்டும், அப்புறம் வெறும் எண்ணாக எழுத வேண்டும். ஒரு துணைக்கருவியை எடுக்கும்போதே அதை எந்த நாளில் பெட்டிக்குள் திரும்ப வைக்கப்போகிறோம் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்.

42 பேர் உள்ள வகுப்பில் எனக்கு மிகவும் உதவிய இன்னொரு அளவுகோல், தவறைப் பொருளே காட்டிக்கொடுக்குமா என்பது. 1907-இல் ரோமில் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரியின் உருளைக் கட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் உருளைக்கும் ஒரு குழிதான் சரியாகப் பொருந்தும். மாற்றிப் போட்டால் கடைசியில் ஒன்று குழியில்லாமல் கையில் நிற்கும். ஆசிரியர் வந்து "தப்பு" என்று சொல்ல வேண்டியதில்லை. இதை நாமே செய்யலாம். பழைய காலண்டர் அட்டையின் பின்புறத்தில் கேள்வியையும் விடையையும் எழுதி, நடுவே நெளிநெளியாக வெட்டிவிடுங்கள், ஒவ்வோர் அட்டைக்கும் வேறு வேறு நெளிவாக. விடை தப்பாக இருந்தால் விளிம்பு சேராது. ஒரு சனிக்கிழமை மதியம் செலவழித்தால் வருடம் முழுக்க உழைக்கும் பொருள் கிடைத்துவிடும்.

இனி பணித்தாள்கள். இணையத்தில் அதிகம் கிடைப்பது இவைதான், அதிகம் ஏமாற்றுவதும் இவைதான். நீர்ச்சுழற்சிப் பாடத்துக்கு எழுத்துக் கட்டங்களுக்குள் சொல் தேடும் தாள் ஒன்றை இறக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு இருபது நிமிடம் அமைதியாக இருக்கும். அந்த இருபது நிமிடமும் பிள்ளை தேடுவது 'ஆ'வுக்குப் பக்கத்தில் 'வி' இருக்கிறதா என்பதை. ஆவி ஏன் மேலே போகிறது, எப்போது துளியாகிறது என்று ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக நான்கு வாக்கியங்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கலைத்துக் கொடுத்து, "வரிசைப்படுத்துங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 'ஏனென்றால்' போட்டு ஒரு வரி எழுதுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சத்தம் கொஞ்சம் வரும், ஆனால் சண்டை பாடத்தைப் பற்றியதாக இருக்கும்.

ஒரு பணித்தாளை அச்சிடும் முன் நீங்களே பேனா எடுத்து முழுவதும் செய்து பாருங்கள். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். விடை எழுத இடம் போதுமா என்று அப்போதுதான் தெரியும். நான்காம் வகுப்புக் கையெழுத்து நம் கையெழுத்தைவிடப் பெரியது. உங்களுக்கு நான்கு நிமிடம் ஆனால் பிள்ளைகளுக்கு அதைப்போல மூன்று மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தில் அழகாக இருந்த படம் கருப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் சாம்பல் மேகமாகிவிடும் என்பதும் ஒரு பிரதி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். "சிவப்பில் உள்ளவற்றைக் கூட்டு" போன்ற கட்டளைகள் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டாம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளை ஒருவராவது வகுப்பில் இருக்கலாம். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அது அதிகம், பல நேரம் வீட்டுக்கே தெரிந்திருக்காது.

படங்களில் ஒரு நுணுக்கம் உண்டு. பூவின் பாகங்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து, பெயர்களைப் பக்கத்தின் அடியில் அச்சிட்டிருப்பார்கள். பிள்ளையின் கண் மேலும் கீழும் ஓடியே களைத்துவிடும். ஜான் ஸ்வெல்லரும் அவரோடு சேர்ந்தவர்களும் நினைவின் சுமை பற்றிச் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. பெயரைப் பாகத்தின் மேலேயே எழுதினால் அந்தச் சுமை போய்விடுகிறது. கணக்கிலும் அதே ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. ஸ்வெல்லரும் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் கண்டது, புதிதாகக் கற்பவர்களுக்கு வெறும் கணக்குகளை அடுக்குவதைவிடத் தீர்த்துக் காட்டிய கணக்குகளை நடுநடுவே கொடுப்பது நல்லது என்பதை. எனவே பத்துக் கணக்கும் காலியாக இருக்கும் தாளைவிட, முதலாவது முழுவதும் செய்து, இரண்டாவது பாதி செய்து, மூன்றாவதிலிருந்து காலியாக விட்ட தாளைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இருப்பதிலேயே கையால் எழுதி நகல் எடுங்கள்.

சுவர் அலங்காரத்துக்குப் பெரிய செலவு செய்யாதீர்கள். 2014-இல் வெளிவந்த ஃபிஷர், காட்வின், செல்ட்மன் ஆய்வு ஒன்றில் 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில பாடங்களை நிறைய அலங்கரித்த அறையிலும் சில பாடங்களை வெறும் சுவருள்ள அறையிலும் நடத்தினார்கள். அலங்கார அறையில் கவனம் பாடத்தை விட்டு விலகிய நேரம் 38.6 விழுக்காடு, வெறும் அறையில் 28.4. சரியான விடைகள் 42 விழுக்காடும் 55 விழுக்காடும். சிறிய ஆய்வுதான், வயதும் உங்கள் பிள்ளைகளைவிடக் குறைவு. ஆனாலும் என் வகுப்பில் பார்த்ததோடு பொருந்துகிறது. கரும்பலகையைச் சுற்றியுள்ள சுவரை நான் காலியாகவே வைப்பேன். பக்கச் சுவரில் இப்போது நடக்கும் பாடத்துக்கான சார்ட் மட்டும். பாடம் முடிந்ததும் இறக்கிவிடுவேன். பின்சுவர் முழுவதும் பிள்ளைகளின் வேலைகள். அது அவர்களுடைய இடம்.

'பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர்' என்று மூன்று வகை வைத்து விற்கப்படும் தொகுப்புகளையும் விட்டுவிடலாம். பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008-இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். ஒரு பிள்ளையை ஒரு வகை என்று பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்கும் என்பதற்குப் போதிய சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எதைப் படமாகக் காட்ட வேண்டும், எதைக் கையால் செய்ய வேண்டும் என்பதைப் பாடமே சொல்லும். வரைபடத்தை எல்லோரும் பார்த்துத்தான் ஆக வேண்டும், செய்யுளை எல்லோரும் காதால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, எதற்குச் செலவழிக்கலாம்? என்னைக் கேட்டால் முதலில் 42 சிறிய வெள்ளைப் பலகைகள். வாங்க முடியாவிட்டால் தடித்த வெள்ளைத் தாளை ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள், அழிக்கக்கூடிய மார்க்கரால் உறை மேல் எழுதலாம், பழைய காட்டன் துணியால் துடைக்கலாம். கேள்வி கேட்டு ஒருவர் எழுந்து பதில் சொன்னால் அந்த ஒருவருக்குத் தெரியும் என்பது மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. பலகையில் எழுதி எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கினால் 42 பேரின் மனமும் ஒரு பார்வையில் தெரியும். கேள்வியை யோசித்து எழுதுங்கள். "மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, எது பெரியது?" என்று கேட்டால் தப்பான விடையே தப்பின் காரணத்தையும் சொல்லிவிடும். கேட்டவுடன் "தூக்குங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் பல வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். தொடக்கத்தில் அது மிக நீளமாகத் தோன்றும்.

இரண்டாவது, ஒரு கேள்விப் பெட்டி. ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவு ஒரு பகுதியைத் திரும்பவும் படித்தது. இன்னொரு பிரிவு ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள், 81 விழுக்காடும் 75 விழுக்காடும். ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழ். படித்தவர்கள் 42, நினைவிலிருந்து எழுதியவர்கள் 56. இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் மீள்பார்வைப் பாடவேளை மாறிவிட்டது. பாடம் முடியும்போதெல்லாம் நான்கைந்து கேள்விகளைச் சிறிய காகித அட்டைகளில் எழுதிப் பெட்டியில் போடுகிறேன், பின்பக்கம் விடை. தினமும் காலையில் முதல் ஐந்து நிமிடம் பெட்டியிலிருந்து ஆறு அட்டை. நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு, போன வாரத்திலிருந்து இரண்டு, போன மாதத்திலிருந்து இரண்டு.

பெட்டியை அறைகளாகப் பிரிக்கும் யோசனை செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் 1970-களில் பரப்பியது. வகுப்பில் பெரும்பாலோர் சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு முன்னேறும், இனி அது அவ்வளவு அடிக்கடி வராது. தடுமாறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். அட்டையை நகர்த்தும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். ஓர் அட்டை கடைசி அறைக்குப் போகும் நாளில் அவர்கள் கைதட்டுவதைப் பார்க்க வேண்டும்! எந்த ஆப்பும் எனக்கு இந்த அளவு பயன்பட்டதில்லை, இதில் சார்ஜ் தீருவதும் இல்லை.

மூன்றாவதாக ஒரு நல்ல பஞ்ச் இயந்திரமும் தடித்த அட்டை ஃபைல்களும். லேமினேட்டர் இரண்டாம் வருடம் வாங்கிக்கொள்ளலாம். முதல் வருடம் நீங்கள் செய்யும் அட்டைகளைப் பெரும்பாலும் மாற்றி எழுதப்போகிறீர்கள். பிளாஸ்டிக்கில் அடைத்த தப்பைத் திருத்த முடியாது.

இணையத்திலிருந்து எடுப்பதைப் பற்றி. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்த உரிமம் கொடுத்து வெளியிடும் பாடப்பொருளைத் திறந்த கல்வி வளம் என்பார்கள். அந்தச் சொல் 2002-இல் யுனெஸ்கோ கூட்டம் ஒன்றில் உருவானது. இலவசமாகப் பார்க்கலாம் என்பதும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்பதும் ஒன்றல்ல. தன் படைப்பை மற்றவர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று உருவாக்கியவரே சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பக்கத்தின் அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். 'சிசி பை' என்றால் உருவாக்கியவர் பெயரைக் குறிப்பிட்டு எப்படியும் பயன்படுத்தலாம். கூடவே 'எஸ்ஏ' இருந்தால் நீங்கள் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும். 'என்சி' என்றால் வணிகத்துக்குக் கூடாது. நமக்கு முக்கியமானது 'என்டி'. மாற்றிய வடிவத்தைப் பகிரக்கூடாது என்பது அதன் பொருள், மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். வேறு மொழியில் உள்ள பணித்தாளைத் தமிழில் ஆக்கி மற்ற ஆசிரியர்களோடு பகிர நினைத்தால் 'என்டி' இல்லாததாகத் தேர்ந்தெடுங்கள். அப்படித் தமிழில் தட்டச்சு செய்யும்போது யூனிகோட் எழுத்துருவிலேயே செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகக் கிடக்கும், தேடினாலும் கிடைக்காது.

திரையில் இயக்கிப் பார்க்கும் கணினி மாதிரிகளில் எனக்கு நம்பிக்கையுள்ளது ஃபெட் (PhET) என்ற இணையதளம். 2001-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பின்னத்துக்கும் மின்சுற்றுக்கும் நல்ல மாதிரிகள் அதில் உண்டு. ஆனால் திறந்தவுடன் பிள்ளைகள் எல்லாவற்றையும் அழுத்திப் பார்ப்பார்கள். அதற்கு இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு, "இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? முதலில் பலகையில் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு அழுத்துங்கள். ஊகித்து எழுதிய பிள்ளைதான் திரையை உண்மையிலேயே பார்க்கும்.

ஆப்களைத் தேர்ந்தெடுக்கும் முன் சில விஷயங்களைச் சோதித்துப் பாருங்கள். இணையம் போய்விட்டால் பாடம் நிற்குமா? 42 பேரும் உள்நுழைய எவ்வளவு நேரம் ஆகும்? (பத்து நிமிடம் என்றால் பாடவேளையில் கால் பங்கு போயிற்று.) பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எல்லாம் கேட்கிறதா? பாடத்துக்குத் தேவையில்லாத எதையும் கொடுக்காதீர்கள். கடைசியாக, நான் உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் நான் பட்டது பெரிது. மதிப்பெண்ணும் குறிப்பும் போட்டு வைக்க ஓர் ஆப்பை இரண்டு வருடம் பயன்படுத்தினேன். ஒருநாள் அது மூடப்பட்டது. அறிவிப்பு வந்த மின்னஞ்சலை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் எழுதி வைத்த இரண்டு வருடக் குறிப்பு போயே போய்விட்டது. அதன்பிறகு எல்லாமே சாதாரண விரிதாளில்தான். மூன்று பிரதி, இரண்டு வகை சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில் என்று கணினித் துறையில் ஒரு விதி சொல்வார்கள். மடிக்கணினி, ஒரு பென்டிரைவ், ஒரு மேகச் சேமிப்பு. மாதம் ஒருமுறை போதும்.

செயற்கை நுண்ணறிவிடம் பணித்தாள் கேட்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. கேள்விகளின் முதல் வரைவுக்கு உதவும். விடைகளை ஒவ்வொன்றாக நீங்களே போட்டுப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள், பிள்ளைகளின் பெயரையோ மதிப்பெண்ணையோ அதில் இடாதீர்கள்.

இனி ஒழுங்கு. வகுப்பறை ஒழுங்காக இருப்பது நீங்கள் எவ்வளவு அடுக்குகிறீர்கள் என்பதில் இல்லை. நீங்கள் தொடாமலே பொருள் தன் இடத்துக்குத் திரும்புகிறதா என்பதைப் பாருங்கள். பெட்டிகள் பிள்ளைகளின் உயரத்தில், ஒளிபுகும் வகையாக இருக்கட்டும். மூடியின் உள்பக்கம் எண்ணிக்கையை எழுதுங்கள்: 'கத்தரிக்கோல் 14'. மூடும் பிள்ளை எண்ணிவிட்டுத்தான் மூடும். 13 இருந்தால் மணி அடிக்கும் முன்பே தேடல் தொடங்கிவிடும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் வருகைப்பதிவேட்டு எண்தான் எல்லாவற்றுக்கும் எண். நோட்டு, வெள்ளைப் பலகை, விடைத்தாள் எல்லாவற்றிலும் வலது மேல் மூலையில் அந்த எண் இருக்க வேண்டும். வரிசையாக அடுக்கித் தரச் சொன்னால் எந்த எண் விடுபட்டிருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். யாருடைய நோட்டு வரவில்லை என்று பெயர் பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் எனக்கு மிச்சமானது இந்த எண்ணால்தான். என் மேசையில் மூன்று தட்டுகள் மட்டும்: வந்தவை, திருத்தியவை, இன்று வகுப்பில் கொடுக்க வேண்டியவை. 'பிறகு பார்க்கலாம்' என்று நான்காவது தட்டு வைத்தால் எல்லாம் அதில்தான் போய்ச் சேரும்.

அச்சிடும் தாள்களில் இடது ஓரம் இரண்டரை செ.மீ. விடுங்கள். வழக்கமான இரண்டு துளை பஞ்சில் துளைகளுக்கு நடுவே 80 மி.மீ. இடைவெளி, இது உலகத் தர அளவு. தாளின் நடுக்குறியில் வைத்துப் பஞ்ச் செய்தால் யார் கொடுத்த தாளும் உங்கள் ஃபைலில் வரிசையாக நிற்கும். கணினிக் கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் ஒரே ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் வைப்பது 'கணக்கு-05-பின்னம்-02-பணித்தாள்' என்ற மாதிரி. ஒற்றை எண்ணுக்கு முன் பூஜ்யம் போடாவிட்டால் பல இடங்களில் 10 போய் 2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். தேதி வேண்டுமென்றால் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள், தானாகக் கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். 'புதியது', 'கடைசி', 'கடைசி-2' என்ற பெயர்கள் ஒரு மாதத்தில் உங்களுக்கே புரியாது.

ப்ளானர் தனியாக வாங்கத் தேவையில்லை. கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும். ஒரு வாரத்துக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் ஒவ்வொரு பாடவேளைக்கும் இரண்டே வரி: பிள்ளைகள் எதை யோசிக்க வேண்டும், நான் கேட்கப்போகும் முக்கியமான கேள்வி என்ன. வலது பக்கம் காலியாக இருக்கட்டும். வகுப்பு முடிந்து இரண்டு நிமிடத்துக்குள் அதில் எழுதுங்கள். எங்கே தடுமாறினார்கள், எந்த உதாரணம் எடுபடவில்லை, எது நேரம் தின்றது. அடுத்த வருடம் அதே பாடத்துக்கு வரும்போது அந்த வலது பக்கம் எந்தக் கையேட்டையும்விட உதவும். பள்ளி கேட்கும் பாடக்குறிப்பு வேறு, அதை அவர்கள் கேட்கும் வடிவத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக நான் விடாமல் வைத்திருக்கும் ஒரு தாள். ஏ4 தாளில் ஏழு கட்டம் அகலம், ஆறு கட்டம் உயரம், மொத்தம் 42. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிள்ளையின் எண்ணும் பெயரும். வாரம் முழுவதும் அது என் நோட்டுக்குள் இருக்கும். ஏதாவது கண்ணில் பட்டால் அந்தக் கட்டத்தில் நான்கைந்து சொல்: "வாசிக்கும்போது வரி தாவுகிறாள்", "இன்று தானாகக் கேள்வி கேட்டான்", "கடன் வாங்கிக் கழித்தலில் பூஜ்யம் வந்தால் திணறல்". வெள்ளிக்கிழமை மாலை தாளைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது காலிக் கட்டங்களை. சுட்டிகளுக்கும் கெட்டிக்காரர்களுக்கும் கட்டம் நிரம்பி வழியும். நடுவரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் காலியாக இருக்கும். ஒரு வருடம் ஒரு சிறுமியின் கட்டம் மூன்று வாரம் தொடர்ந்து காலியாக இருந்தது. நல்ல பிள்ளை, நோட்டு சுத்தம், ஒரு தொந்தரவும் இல்லை. நான்காவது திங்கட்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொன்னேன். பக்கத்துப் பிள்ளையின் உதட்டைப் பார்த்துத்தான் அவள் அதுவரை கூடவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எழுத்துக்கூட்டவே வரவில்லை.

அந்தத் தாளை மட்டும் முதல் நாளைக்கு முன்பே கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பலகையும் கேள்விப் பெட்டியும் முதல் மாதத்துக்குள் வந்தால் போதும். பிளாஸ்டிக் பெட்டிகளின் விலைப்பட்டியலை ஒரு பருவம் கழித்துப் பார்க்கலாம்.